குணவதியின் மகள் வேலை பார்த்த ஸ்ரேசன்

அந்தப் பிழை ஒரு ரெலிபோன் அழைப்பில் பிறந்தது. அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் உட்புறத்தில், ஒரே ஒரு கடையும் ஒரு பெற்றோல் செற்றும் உள்ள சின்ன ரவுணில் பஸ்ஸை விட்டு இறங்கிய நிலாணி, உலகத்தின் மறுபக்கத்தில் மல்வேர்னில் இருக்கும் தாய்க்கு அடித்து, "அம்மா, எனக்கு ஸ்ரேசனிலை வேலை கிடைச்சிருக்கு" என்றாள். "எந்த ஸ்ரேசன் பிள்ளை?" என்று குணவதி கேட்பதற்கும் லைன் அறுபடுவதற்கும் சரியாக இருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி லைன் கிடைத்தபோது, மல்வேர்னில் அவர்களின் ரவுண்ஹவுஸ் வரிசை முழுவதற்கும், யூனியன்வில்லில் இருக்கும் சித்தி வீடு வரைக்கும், குணவதியின் மகள் அவுஸ்திரேலியாவில் பொலிஸ் என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே ஸ்ரேசன் என்றால் மாட்டுப் பண்ணை. அது குணவதிக்கு எப்படித் தெரியும்? நம்முடைய சனத்துக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு ஸ்ரேசன்தான். ஒன்றுக்கு ரயில் வரும், மற்றதிலிருந்து பொலிஸ் வரும். மகள் ரயில் ஓட்டப் போயிருக்க மாட்டாள் என்பது அவளுடைய கணக்கு.

நிலாணி திருத்தியிருக்கலாம். "துவக்கெல்லாம் தருவினமோ?" என்று தாய் பயந்துபோய்க் கேட்டபோதே திருத்தியிருக்கலாம். "ஒண்டு இருக்கம்மா, நான் தொடுறேல்லை" என்றாள். அதில் பொய் இல்லை. பாம்புக்கும் காட்டு நாய்க்குமாக ஷெட்டில் ஒரு துவக்கு இருந்தது. அகலத் தொப்பியோடு ஒரு படம் அனுப்பினாள். "அங்கத்தைப் பொலிசுக்கு உதோ யூனிபோம்? வெயிலுக்கு நல்லது" என்று பதில் வந்தது. சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

பேசாமல் இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. அவை பால் மாடுகள் அல்ல. நாலாயிரம் மாடும் இறைச்சிக்குப் போகிற மாடுகள். வெள்ளிக்கிழமையில் முட்டைகூட அவிக்காத குசினியில் வளர்ந்தவள், மாட்டிறைச்சி வீட்டு வாசல்படி ஏறாத குடும்பத்துப் பிள்ளை, அதை எந்த வாயால் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கிழமை சொல்லலாம் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

தகப்பன் தியாகலிங்கத்துக்குக் கண் ஒப்பரேசன் என்று ஆறு கிழமை லீவில் மல்வேர்னுக்குத் திரும்பி வந்தவள், இப்போது நாலு மாதமாக நிற்கிறாள். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் தற்காலிக வேலை. காதில் மாட்டிய கருவியில் ஒரு குரல், எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி என்று சொல்லும். அவள் எடுத்து வைப்பாள். அந்தக் குரலுக்குக் கோபமும் வராது, சிரிப்பும் வராது. அதைக் கேட்கும் நேரமெல்லாம் அவளுக்கு ஜூடியின் குரல்தான் ஞாபகம் வந்தது.

ஜூடியும் அவளுடைய புருசன் டெஸ்ஸும்தான் அந்தப் பண்ணையின் சொந்தக்காரர்கள். டெஸ்ஸின் பாட்டன் காலத்திலிருந்து அவர்களிடம் இருக்கிற இடம். பிள்ளைகள் இருவரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஜூடிக்கு "நிலாணி" வாயில் வரவில்லை. முதல் நாளே அதை "நில்" என்று வெட்டிவிட்டாள். அதனால் வந்த வினை கொஞ்சமல்ல.

முதல் முறை மாடு சாய்க்கப் போன நாள். தூரத்து வளவுகளில் மேய்கிற மாடுகளைச் சேர்த்துப் பட்டிக்குக் கொண்டுவருவதற்கு மூன்று நாள் வேண்டும். டெஸ் குதிரையில், ஜூடி ஜீப்பில், நிலாணி நாலு சில்லு மோட்டார் சைக்கிளில். இடது பக்கம் வேலியில் ஒரு இடைவெளி. அதை அடைத்துக்கொண்டு முன்னே போ என்று சொல்வதற்காக ஜூடி வோக்கியில் கத்தினாள்: "நில்! நில்!" நிலாணி பிரேக்கைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டாள். "நில்! நில்! நில்!" என்று குரல் இன்னும் ஏறியது. அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது மாடுகள் அவளுக்கு முன்னாலேயே, ஆறுதலாக, அந்த இடைவெளியால் பற்றைக்குள் போய்ச் சேர்ந்தன.

"ஏன் அசையவில்லை?" என்று ஜூடி பிறகு கேட்டபோது, தன்னுடைய மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நிலாணி சொன்னாள். டெஸ் குதிரைக் கழுத்தில் சாய்ந்து சிரித்தான். நாற்பது மாட்டையும் தேடிப் பிடிக்க இன்னொரு பகல் போனது. அதன் பிறகும் ஜூடி பெயரை மாற்றவில்லை. "நில், போ!" என்று சேர்த்துக் கத்தப் பழகிக்கொண்டாள். "போ" என்ற சொல்லையும் நிலாணியிடமே கேட்டுப் பாடமாக்கினாள்.

மற்ற நாட்கள் ஒரே மாதிரியானவை. அந்த ஒரே மாதிரித்தனம்தான் இப்போது அவளை வாட்டியது. விடியும் முன் தேத்தண்ணி. தாயை இழந்த கன்றுகள் ஐந்தாறு வீட்டுப் பின்புறம் நின்று கதவை முட்டும். அவற்றுக்குப் போத்தலில் பால். ஒரு கன்று எப்போதும் அவளுடைய சட்டை நுனியைத்தான் முதலில் சப்பும். குளிக்கிற தண்ணீர் நிலத்தின் அடியிலிருந்து சூடாகவே வரும். அவித்த முட்டை மணக்கும். முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு குளித்தவள், மல்வேர்னில் ஷவரைத் திறந்து மணமில்லாத தண்ணீரில் நிற்கும்போது எதையோ தொலைத்தவள் போல உணர்ந்தாள்.

கிழமைக்கு மூன்று நாள் தண்ணீர் பார்க்கப் போகவேண்டும். அதுதான் அவளுடைய தனிப் பொறுப்பு. பண்ணையில் ஆறோ குளமோ கிடையாது. குழாய்க்கிணறுகளிலிருந்து மைல் கணக்காகக் குழாய் ஓடி இருபத்திரண்டு தொட்டிகளை நிரப்பும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மிதவை. மிதவை இறுகினால் தண்ணீர் நின்றுவிடும். வெயில் காலத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மாடுகள் தொட்டியைச் சுற்றியே விழுந்து கிடக்கும். நூற்று நாற்பது கிலோமீற்றர் செம்மண் பாதை, ஜீப்பின் பின்னால் ஒரு நாய், ஒரு ஸ்பானர் பெட்டி. தொட்டி ஓரத்தில் இறங்கி, கையை முழங்கை வரை விட்டு மிதவையை அசைத்து, தண்ணீர் குபுக்கென்று வருகிற சத்தத்தைக் கேட்கும்போது, தான் ஒருத்தி உலகத்துக்கு வேண்டியவள் என்று தோன்றும். பிறம்ரனில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு அவளுக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஜூடியிடமிருந்து செய்தி வந்தது. டெஸ் ஜீப்பின் பின்தட்டிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மாடு சாய்க்கும் காலம் தொடங்குகிறது. வருவாயா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் வருட விசா கையில் இருந்தது. போக மனம் துடித்தது. ஆனால் இன்னொரு வருடம் ரெலிபோனில் பொலிஸ் வேடம் போட அவளுக்குத் தெம்பில்லை. போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சொன்னால் அம்மா போகவிடுவாளா, விட்டாலும் பழையபடி முகம் பார்ப்பாளா?

இந்த நேரம் பார்த்து, சனிக்கிழமை பின்னேரம் மகேஸ்வரன் அங்கிள் வந்து இறங்கினார். தியாகலிங்கத்தின் பள்ளிக்கூடச் சிநேகிதர். ஒரு செக்கியூரிற்றி கொம்பனியில் ஆள் எடுக்கிற பொறுப்பில் இருப்பவர். கோயிலில் வைத்துக் குணவதிதான் அவரைப் பிடித்திருந்தாள்.

"பிள்ளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. நேரா சூப்பவைசர்" என்று சொல்லிக்கொண்டே படிவத்தை மேசையில் விரித்தார். "சொல்லு பிள்ளை, அங்கை என்ன டியூட்டி?"

குணவதி வடைத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். முகம் பூரித்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் நிலாணி பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டாள்.

"பற்றோல் மாதிரி, சுத்திப் பாக்கிற வேலை அங்கிள். கிழமைக்கு மூண்டு தரம்."

"தனியவோ?"

"ஓம். நானும் நாயும்."

"பாத்தியளோ, நாயும் குடுத்திருக்கிறாங்கள்!" என்றாள் குணவதி.

"எவ்வளவு ஏரியா?"

"எங்கட யாழ்ப்பாணக் குடாநாடு அளவு வரும் அங்கிள்."

மகேஸ்வரன் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அடேயப்பா! அப்ப எத்தினை பேர் உன்ரை பொறுப்பிலை?"

"நாலாயிரம்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஆக்கள் இல்லை அங்கிள். மாடு."

"என்ன?"

"மாடு. அங்கை ஸ்ரேசன் எண்டா மாட்டுப் பண்ணை. நான் ஒருநாளும் பொலிசிலை இருக்கேல்லை."

சோபாவில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்த தியாகலிங்கம்தான் முதலில் சிரித்தார். பிறகு மகேஸ்வரன் வெடித்தார். "தங்கச்சி, நீங்கள் கோயில்லை என்ன சொன்னனீங்கள்? மகள் எழும்பி நிண்டா ஊரே அடங்கும் எண்டு! அடங்கினது மாடு!"

"அண்ணை, வடையைச் சாப்பிடுங்கோ" என்றாள் குணவதி. குரலில் உயிரில்லை. தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மகேஸ்வரன் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனார். வாசலில் நின்று, "பிள்ளை, மாட்டுக்குச் செக்கியூரிற்றி வேணுமெண்டா சொல்லு" என்று ஒரு கடைசி அடியும் அடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. குணவதி திரும்பிப் பார்க்கவில்லை.

"பால் மாடோ?"

"இல்லையம்மா. இறைச்சிக்கு."

அகப்பை சட்டியில் இரண்டு தரம் சுற்றியது. "நீ சாப்பிட்டனியோ?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். நிலாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மாதம் சாப்பிடேல்லை. ஜூடி ஒண்டும் கேக்காமல் எனக்கு மட்டும் முட்டை பொரிச்சுத் தருவா. பிறகு ஒருநாள், மாட்டுக் கண்டுகளுக்குச் சூட்டுக் குறி போட்ட நாள், பதினாலு மணித்தியாலம் நிண்ட வேலை. பசி எண்டா அப்பிடி ஒரு பசி. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை. நானும் சாப்பிட்டனான் அம்மா. அடுத்த நாளும் அவ எனக்கு முட்டைதான் பொரிச்சவ."

குணவதி அடுப்பை அணைத்தாள். சோறு இன்னும் வேகவில்லை.

"அண்டைக்கு என்ன கிழமை?"

"எண்டைக்கு?"

"சாப்பிட்ட அண்டைக்கு."

"சனி எண்டு நினைக்கிறன்."

"வெள்ளி இல்லைத்தானே?"

"இல்லையம்மா. சனிதான்."

குணவதி ஒரு பெருமூச்சு விட்டாள். அது கோபமா ஆறுதலா என்று நிலாணிக்குப் பிடிபடவில்லை. பிறகு அடுப்பை மறுபடி மூட்டினாள்.

அந்த இரவுச் சாப்பாட்டில்தான் நிலாணி ஜூடியின் செய்தியைச் சொன்னாள். டெஸ் விழுந்தது, ஞாயிறு தவணை, எல்லாவற்றையும். தியாகலிங்கம் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்தாள் படுக்கையிலை எண்டா, இப்ப தண்ணி ஆர் பாக்கினம்?"

"ஜூடிதான். தனிய. அறுபத்தேழு வயசு அப்பா."

அவர் மனைவியின் பக்கம் பார்த்தார். குணவதி பருப்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைய இனி ஒன்றுமில்லை என்ற பிறகும் பிசைந்தாள்.

"செவ்வாய் வெளிக்கிடாதை" என்றாள் கடைசியில். "பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது எண்டுவினம். புதன்கிழமை வெளிக்கிடு. என்ரை குசினிக்குள்ளை மட்டும் அதைக் கொண்டு வந்திடாதை. ஆரும் கேட்டா நானே சொல்லுவன், நீ ஒண்டும் கதைக்காதை."

நிலாணி மேசையிலேயே ஜூடிக்கு எழுதினாள்: வருகிறேன், புதன்கிழமை இங்கிருந்து வெளிக்கிடுவேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. கம்பளி கொண்டு வா, இங்கே விடியப்புறம் புல்லெல்லாம் உறைபனி.

அதை அவள் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"ஆடி மாதத்திலை பனியோ?" என்றாள் குணவதி. கையைக் கழுவினாள். வெளியே முப்பத்திரண்டு பாகை வெக்கை. யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. அவள் பேஸ்மென்ற் படிகளில் இறங்கி, பெட்டிகளை இழுத்து உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வியர்க்க விறுவிறுக்க, மகளின் பெரிய பனிக்கால ஜக்கெற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"இது கனம் அம்மா. அங்கை உவ்வளவு குளிராது."

"போட்டுப் பார்" என்றாள் குணவதி. "சிப் பூட்டுதோ எண்டு பாப்பம்."