ராக்கெட்டுக்கு எதற்கு பைலட்?

சென்ற ஞாயிறு, காலை பத்தேகால் மணி. பாபநாசத்தில் நண்பர் ராஜேந்திரன் வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பா நடவு நேரத்தில் விவசாயி வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாமா? கூடாதுதான். ஆனால், விமானப்படையில் இருக்கும் அவர் மகன் கதிர் இரண்டு நாள் லீவில் வந்திருந்தானே!

கதிர் டெஸ்ட் பைலட். புது விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்பவன். இப்போது விண்வெளி வீரர் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை. அப்பா சரி என்றால்தான் போவானாம். அப்பாவோ முதல் நாளிலிருந்து வாயே திறக்கவில்லை.

அவன் படையில் சேர்ந்த தேதி, முதன்முதலில் தனியாகப் பறந்த தேதி... எல்லாம் என் நோட்டில் உண்டு. தேதி தெரிகிறது — பாதைதான் புரியவில்லை. குறை சொல்கிறவனையா ராக்கெட்டில் ஏற்றுவார்கள்? என் வீட்டு அலமாரி நிறையப் புத்தகம் இருந்து என்ன பயன்? கேட்டுவிட்டேன்.

“ஏம்ப்பா, ராக்கெட்டு தானாவே போகும்ங்கறாங்களே... அப்புறம் பைலட் எதுக்கு?”

“தானாப் போகாத அன்னிக்கு ஒரு ஆள் வேணும்ல மாமா!” என்று சிரித்தான்.

ராஜேந்திரன் சிரிக்கவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டு, பையன் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ?

கதிர் சமாளித்தான். “அப்பா, புது ரக விதை வந்தா எடுத்த எடுப்புல எல்லா வயல்லயுமா போடுவீங்க? வாய்க்கா ஓரமா ஒரு மூலையில போட்டுப் பார்ப்பீங்கல்ல? அந்த மூலை மாதிரிதான் நான்.”

“போன சம்பாவுல அந்த மூலை பூராப் பதராப் போச்சேடா.”

“அதனாலதானே மத்த வயல் தப்பிச்சுது?”

பெற்றவரிடம் சொல்லக்கூடிய பதிலா இது? எனக்குக் காபி டம்ளரைக் கீழே வைப்பதா, கையில் வைத்திருப்பதா என்றே தெரியவில்லை.

ராஜேந்திரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“தப்பிச்சுது. ஆனா, தினம் ரெண்டு வேளை நான் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தது அந்த மூலையைத்தான்டா.”

நடவு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

இது சம்மதமா... மறுப்பா? அப்பாக்கள் பேச்சுக்கு யாராவது அகராதி போட்டால் புண்ணியமாகப் போகும்.

“என்னப்பா சொல்லிட்டுப் போறாரு?”

கதிர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “போயிட்டு வாடா, தினம் ரெண்டு வேளை போன் பண்ணுங்கறாரு மாமா.”

ராக்கெட்டிலிருந்து எப்படிப் பண்ணுவான்? அதுவும் எனக்குப் புரியவில்லை.