சங்கு, மழை, மியூட்

கல்யாணம், கடை விளம்பரம், பிறந்த நாள் என்று ஒரு நிமிட வீடியோ வெட்டிக் கொடுப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: படம் நன்றாக இருந்தால் கஸ்டமர் கேமராமேனைப் பாராட்டுவார், சத்தம் தப்பாகிப் போனால் நம்மைத்தான் தேடி வருவார்.

புது வீட்டுச் சங்கு

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம். உறவுகளை அழைக்க ஒரு வீடியோ கேட்டார்கள். வாசலில் மாவிலை, குத்துவிளக்கு, கேமரா மெதுவாக உள்ளே போகிறது. பக்தி மணக்க ஒரு சத்தம் வேண்டுமே என்று சங்கொலியைப் போட்டேன். நான் கான்வென்டில் சிஸ்டர்களிடம் படித்தவள், எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் மணிதான். சங்கு சாமி சம்பந்தப்பட்டது என்பது வரைக்கும்தான் தெரியும்.

பார்த்துவிட்டுப் போக அந்த வீட்டு அக்காவே பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். முதல் ஊதலுக்கே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நானும் திடுக்கிட்டேன். ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி என் ஏழு மாத மகள் ரெபேக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கூட அசையவில்லை.

பிறந்தபோது எடுத்த காதுச் சோதனையில் "மறுபடி வாங்க" என்றிருந்தார்கள். காதில் தண்ணீராக இருக்கும் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தேன். அக்கா திட்டியது அன்றைக்கு என் காதில் பாதிதான் விழுந்தது.

"புது வீட்டுக்குச் சங்கு ஊதிட்டியேம்மா, நாங்க இன்னும் குடியே போகலையே!"

கறுப்பு வெள்ளை அப்பா

மறுநாளே ஆஸ்பத்திரியில் நாள் கேட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் வேலை நிற்குமா?

பங்சாரில் ஒரு மகன், அப்பாவின் அறுபதாம் பிறந்த நாளுக்கு "கிளாஸா" ஒரு வீடியோ வேண்டும் என்றார். கறுப்பு வெள்ளை, மெதுவான நடை, ஒற்றைப் புல்லாங்குழல். கடைசியில் அப்பா சிரிக்கும் முகம் மெல்ல வெளுத்து மறையும். எனக்கே கண் கலங்கியது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். குடும்ப வாட்ஸாப்பில் போட்ட அரை மணியில் ஈப்போவிலிருந்து ஓர் அத்தை அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாராம். சாயந்திரம் அப்பாவே எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, என்னைக் கலர்லயே வெச்சிரு. நான் இன்னும் இருக்கேன்."

வடை மழை

சுபாங் ஜெயாவில் வீடு விற்கும் ஒரு தம்பி. பால்கனியில் மழை, உள்ளே மஞ்சள் விளக்கு, பார்த்ததுமே மனசு அமைதியாக வேண்டும் என்றான். அவன் எடுத்து வந்த மழைச் சத்தத்தில் பாதி மோட்டார் சைக்கிள். எண்ணெய் பொரியும் சத்தம் மழை மாதிரியே இருக்கும் என்று தொழிலில் ஒரு வித்தை உண்டு. வடை போட்டு, வாணலிக்கு மேல் மைக்கைப் பிடித்தேன். இடுப்பில் இருந்த ரெபேக்கா வாணலியைப் பார்க்கவே இல்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் என் வாயைத்தான் பார்க்கிறாள் என்பது அன்றுதான் உறைத்தது.

வீடியோவைப் பார்த்த தம்பி தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இந்த மழையைக் கேட்டா வீடு வாங்கத் தோணலை, வடை சாப்பிடத்தான் தோணுதுலா."

மியூட்

மஸ்ஜித் இந்தியா தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும் பாய்க்கு, பட்டு உரசும் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்து, கொலுசுச் சத்தத்தோடு சேர்த்து இரண்டு நாள் உட்கார்ந்தேன். அவரிடம் காட்டியது ரெபேக்காவின் சோதனைக்கு முந்தின நாள். அவர் போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். "சத்தம் வெச்சுப் பாருங்க பாய்" என்றேன்.

"சத்தம் எதுக்கும்மா? எல்லாரும் மியூட்லதான் பாக்கறாங்க, பெரிய எழுத்தாப் போட்டுரு, போதும்."

சத்தமில்லாத அறை

ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் மெத்தை வைத்த ஒரு சின்ன அறை. ரெபேக்கா என் மடியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான். குருவிக் குரல் மாதிரி ஒன்று வந்தது. ரெபேக்கா அசையவில்லை. விசில் வந்தது. அசையவில்லை. நான் மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பிறகு இடது பக்கம் மேளம் மாதிரி ஒரு சத்தம், கனமாக. என் மகள் திரும்பினாள். இன்னொரு தடவை. மறுபடி திரும்பினாள். நான் அழுத அழுகையில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் காதில் என்னென்னவோ ஒட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, முழிச்சிருக்கும்போது கனமான சத்தம் பிள்ளைக்குக் கேக்குது, சன்னமானதுதான் கேக்கலை. காது மெஷின் வெச்சு, பிள்ளைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே வரலாம், ஓகேலா?"

ஆறு வருஷமாக 'சத்தத்தை மாத்துங்க' என்ற கஸ்டமர்களை எல்லாம் மனசுக்குள் வைதுகொண்டிருந்த நான், அடுத்த மாதம் மெஷின் மாட்டிக்கொள்ளப் போகும் இந்த ஒரு கஸ்டமர் மட்டும் நூறு தடவை முகத்தைச் சுளித்து மாற்றச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன்.