அம்மான் குடித்துப் பார்த்த பள்ளிக்கூடங்கள்

ஒரு பள்ளிக்கூடம் நல்லதா கூடாததா என்று கண்டுபிடிக்க எங்கள் ஊரான இணுவிலில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து வளவுப் பெரியவர், அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கிறார்கள் என்று கேட்பார். காலையில் திருநீற்றோடு போன பிள்ளை பின்னேரமும் திருநீற்றோடு திரும்பி வருகிறதா என்பதுதான் பெரியம்மாவின் கவலை. சந்திக் கடைக்காரரோ, பிரம்புச் சத்தம் றோட்டுக்குக் கேட்டால் அது முதல்தரமான பள்ளிக்கூடம் என்று அடித்துச் சொல்வார். என் அம்மான் இவற்றில் ஒன்றையும் விசாரிக்க மாட்டார். கிணறு எங்கே என்று மட்டும் கேட்பார்.

அம்மான் என்றால் என் தாயின் தமையன். அவருடைய நாக்கு எங்கள் பகுதியில் பெயர்போன நாக்கு. ஊரில் யாரும் சம்பந்தம் பேசப் போனால் அவரைத்தான் முன்னுக்கு விடுவார்கள். பெண் வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் அள்ளி, கண்ணை மூடி, வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல விழுங்குவார். பிறகு, "நல்ல தண்ணி, பயமில்லாமல் செய்யலாம்" என்பார். அல்லது "சவர்" என்பார். சவர் என்றால் உப்புக் கரிக்கிற தண்ணீர். அந்த ஒரு சொல்லோடு எத்தனையோ கலியாணப் பேச்சு நின்றிருக்கிறது. ஒருநாள் விளையாட்டுக்காக ஐந்தாறு வீட்டுத் தண்ணீரை வெவ்வேறு செம்புகளில் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தார்கள். எது யாருடைய கிணறு என்று ஒன்றும் பிழைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய நாக்கை யார் மறுத்துப் பேசுவது?

ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பை முடித்த வருடம். "உந்தப் பிள்ளையை மறிச்சுப் போடாதையுங்கோ, இங்கிலிசு படிக்க விடுங்கோ" என்று வாத்தியார் எங்கள் வேலிப் படலை வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் முகத்தை அன்று பார்க்க வேண்டும். அவளை ஐந்தாம் வகுப்போடு மறித்தவர்கள் இருந்தார்கள். அவளுக்காகப் படலைக்கு வந்து கேட்க ஒருவரும் இருக்கவில்லை. தெல்லிப்பழைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்கே படித்த பெட்டைகள் மேலே மேலே படித்து டீச்சராக வருகிறார்கள் என்று எங்கோ கேட்டு வைத்திருந்தாள். ஐயா மலாயாவில் றெயில்வே உத்தியோகம். வீட்டுக் காரியம் எல்லாவற்றையும் அம்மான் சொற்படி செய்யச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர். ஆகவே என் படிப்பும் அம்மானின் நாக்கில் ஏறி உட்கார்ந்தது.

"அதுக்கென்ன தங்கச்சி, பார்த்துச் சொல்லுறன்" என்று திருக்கல் வண்டிலைப் பூட்டினார் அம்மான். மாட்டு வண்டில்தான், ஆனால் ஆட்கள் மட்டும் போகிற சின்ன வண்டில். நான் பட்டுப் பாவாடையோடு பின்னால் ஏறிக்கொண்டேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமை அம்மா ஒரு வெள்ளைக்காரி. எங்கள் கோயிலில் புராணம் படிப்பவர்கூட அவ்வளவு திருத்தமாகத் தமிழ் பேச மாட்டார். "வாருங்கள், அமருங்கள், தங்கள் வரவு நல்வரவாகுக" என்றார். அம்மான் உட்காரவில்லை.

"கிணறு எங்கை?"

அவர் தாகத்தில் கேட்கிறார் என்று நினைத்து அந்த அம்மா தோடம்பழம் பிழிந்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "வேண்டாம், கிணத்தைக் காட்டுங்கோ போதும்" என்றார் அம்மான். முதலில் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள் என்று அந்த அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆர்மோனியம் வைத்த மண்டபம், கண்ணாடி அலுமாரிக்குள் புத்தகங்கள், தையல் அறை. எல்லாவற்றுக்கும் அம்மான் "ம்" என்றார். ஓர் அறையில் பெரிய பூசணிக்காய் அளவில் ஒரு பூமி உருண்டை இருந்தது. ஒரு டீச்சர் அதைச் சுழற்றி என் விரலைப் பிடித்து இலங்கையில் வைத்தார். "அப்பா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். மலாயா என்றேன். என் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். இரண்டு விரற்கடைதான்! இவ்வளவு கிட்ட இருக்கிறவரைத்தானா தூரதேசம், தூரதேசம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்? அந்த உருண்டையை விட்டுவிட்டு வர எனக்கு மனமே இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் நல்லாயிருக்க வேண்டும் பிள்ளையாரே என்று, கிறிஸ்தவ வேதக்காரர் வளவுக்குள் நின்றுகொண்டு வேண்டிக்கொண்டேன்.

கிணற்றடியில் நாலைந்து பெட்டைகள் கப்பியில் வாளியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இழுக்க, ஒருத்தி வார்க்க, ஒருவர் மேல் ஒருவர் தெளித்து ஒரே சிரிப்பு. இழுத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். பார்த்தால் எங்கள் சின்னி.

சின்னியின் தாய் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்குக் களை பிடுங்க வருகிறவள். இவளும் தாயோடு வருவாள். தாகமெடுத்தால் கிணற்றுக் கட்டுக்குத் தள்ளி நின்று இரண்டு கையையும் குவிப்பார்கள். அம்மா வாளியை உயர்த்திப் பிடித்து வார்ப்பாள். அது அப்படித்தான். வேலி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று நான் கேட்டதில்லை, இதையும் கேட்டதில்லை. சின்னியை மிஷன்காரர் விடுதியில் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடம் இதுதான் என்று தெரியாது.

"எட, நீயோ! நீயும் இஞ்சை படிக்க வாறியோ?" என்று கத்தினாள். எங்கள் வளவில் என்னை 'சின்ன நாச்சியார்' என்று கூப்பிடுகிறவள். அந்த 'நீ' எனக்குக் காதுக்குள் குறுகுறுத்தது. நல்லாயும் இருந்தது.

"தண்ணீர் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்றார் தலைமை அம்மா. சின்னிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே இழுவையில் வாளியை மேலே கொண்டுவந்தாள்.

"கையை நீட்டுங்கோ மாமா."

வீட்டில் அம்மானைக் கண்டால் 'நயினார்' என்று ஒதுங்கிப் போகிறவள் 'மாமா' என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வருகிறவர்களை அப்படிக் கூப்பிடத்தான் பழக்கியிருந்தார்கள் போலும். அம்மான் அவளைப் பார்த்தார். வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சின்னி உயரப் பிடித்து வார்த்தாள். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடவில்லை. இரண்டு கன்னமும் உப்பியபடி வாழையடிக்குப் போய்க் கொப்பளித்துத் துப்பினார்.

"சவர்" என்றார்.

"சவரா? இப்பகுதியிலேயே சிறந்த நீர் என்று எல்லோரும் கூறுகிறார்களே!"

"எனக்குச் சவர்."

சின்னி என் கையில் மிச்சத்தை வார்த்தாள். நான் குடித்தேன். குளிர்ந்து, தொண்டைக்குள் இனித்துக்கொண்டு இறங்கியது. இன்னும் வேண்டும் என்று நீட்டினேன். "போதும் பிள்ளை, ஏறு வண்டிலிலை" என்றார் அம்மான்.

திரும்பும் வழியில் ஒரு கோயில் கேணியடியில் வண்டிலை நிறுத்தினார். இறங்கிப் போய் முழங்கை வரைக்கும் கழுவி, வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். சவர் அவ்வளவு நேரம் நாக்கில் நிற்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கு இனிப்புத்தான் நின்றது.

அடுத்த கிழமை இன்னொரு பள்ளிக்கூடம் போனோம். எங்கள் ஊருக்குக் கிட்ட, சைவப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பூமி உருண்டை இருக்கிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன், காணவில்லை. மனேச்சர் தன் கையாலேயே மினுக்கிய செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மான் அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடித்தார். வாய்க்குள் வைத்திருக்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. "கற்கண்டு!" என்றார். எனக்கும் ஒரு வாய் தந்தார்கள். நாக்கு சுருண்டது. கடற்கரையில் விளையாடும்போது வாய்க்குள் போகுமே, அதற்குத் தங்கச்சி முறையான தண்ணீர். செம்பு தந்தவரின் முகத்துக்காக விழுங்கினேன். என் நாக்கில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அம்மானின் நாக்கில் கோளாறு என்று நினைக்கிற பிள்ளை எங்கள் ஊரில் பிறந்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மா குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"எப்பிடி அண்ணை?"

"மிஷன் சரிவராது தங்கச்சி. தண்ணி சவர். இது நல்ல தண்ணி, இதிலையே விடுவம்."

"அந்தப் பக்கம் சவரோ? செம்மண் தறையிலை சவர் வராதெல்லே?"

"சவரெண்டால் சவர்தான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ குடிச்சனியோ?"

"ஓம். எனக்கு இனிச்சது."

"சின்னப்பிள்ளையின்ரை நாக்கு" என்று அம்மான் சிரித்தார். "உவளுக்கு மண்ணும் இனிக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. "தண்ணி ஆர் அள்ளித் தந்தது?"

"எங்கடை சின்னி!" என்றேன். எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. "ஒரே இழுவையிலை அள்ளினவள் அம்மா. அம்மானை மாமா எண்டு கூப்பிட்டவள்."

அம்மான் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணை, உங்கடை நாக்கு ஒருநாளும் பிழைச்சதில்லை" என்றாள் அம்மா.

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன்."

இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள், பிறகு ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் அதற்கு மேல் கதைக்கவும் இல்லை. ஐயா கப்பலேறும்போது சொன்ன சொல் ஒன்று இருந்ததே, அதைத் தாண்டி அந்தக் காலத்தில் ஒரு பெண் என்ன கதைக்கிறது? கறியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், மலாயா இரண்டு விரற்கடைதான் அம்மா என்று காட்டினேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

தை மாதம் கற்கண்டுத் தண்ணீர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கூடாத பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். நாலு எழுத்துப் படித்தது அங்கேதான், நல்ல டீச்சர்மாரும் இருந்தார்கள். ஆனால் அம்மா தினமும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி என்னிடம் தந்துவிடுவாள். "நல்ல தண்ணிப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லிப்போட்டு ஏன் பிள்ளையிட்டைத் தண்ணி குடுத்து விடுகிறாய்?" என்று பெரியம்மா கேட்டாள். "கிடக்கட்டும் அக்கா" என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்மான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. அவர் வந்து குந்தியதும் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். நீட்டிவிட்டுப் போக மாட்டாள். அங்கேயே நின்று, மிக மரியாதையாகக் கேட்பாள்:

"பார்த்துச் சொல்லுங்கோ அண்ணை. சவரோ?"

ஊரெல்லாம் தண்ணீருக்குத் தீர்ப்புச் சொன்ன அம்மான் அதற்கு ஒரு நாளாவது பதில் சொன்னதில்லை. குனிந்தபடி குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைப்பார்.

அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து எனக்குப் பெரிய பயம் பிடித்தது. எங்கள் கிணறும் சவராகிக்கொண்டு வருகிறது, அதைச் சொல்ல மனமில்லாமல்தான் அம்மான் தலையைக் குனிகிறார் என்று நினைத்தேன். அந்தப் பயத்தில் விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய் வாளியில் ஒரு கை அள்ளி, அவரைப் போலவே கண்ணை இறுக மூடி, வாய்க்குள் வைத்திருந்து குடித்துப் பார்ப்பேன்.

தண்ணீர் இனித்தது. நாளைக்கும் இனிக்குமோ என்ற கவலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.