எண்ணெய் வாங்கப் போனவர்

என் அக்காவுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்று உண்டு. "விளக்குக்கு எண்ணெய் வாங்கப் போனவரே, வெளிச்சம் வந்துடுச்சு, நீங்க வரலையே" என்று தொடங்கும். நாற்பது வருடமாக அதைப் பாடிக்கொண்டேதான் தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்தாரை ராட்டையில் சுற்றுகிறாள். பாடி முடித்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "அவன் வந்தானாடா, இல்லியா?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தப் படம் வெளியாகவே இல்லை. இசைத்தட்டு வந்தது, ரேடியோவில் சில மாதம் போட்டார்கள், பிறகு அதுவும் நின்றுவிட்டது.

படம் வருவதற்கு முன்பே பாட்டுப் புத்தகம் வந்திருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் ஒருவர் சாக்கை விரித்து இந்தப் புத்தகங்களை விற்பார்; அவரிடம் ஒன்று வாங்கி வந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அக்கா பள்ளிக்கே போனதில்லை. அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நான்தான் அவளுக்குப் புலவர்.

பாட்டுக்கு முன்னால் கதைச் சுருக்கம் போட்டிருந்தது. புதிதாகக் கல்யாணமான ஒருவன் பொழுது சாயும் நேரத்தில் புட்டியை எடுத்துக்கொண்டு எண்ணெய் வாங்கப் போகிறான். ஆற்றங்கரையில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "யார் அவர்? அவன் வீடு திரும்பினானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க." அத்தோடு முடிந்தது.

"காண்கன்னா இன்னாடா?"

"பாருன்னு அர்த்தம்க்கா."

"எங்க பாக்கறது?"

"படம் வந்தா நானே கூட்டிக்கினு போறேன்."

சின்னப் பையன் கொடுத்த வாக்கு. அதே வருடம் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தறி வேலைக்கு என்று ஆந்திராவிலுள்ள தர்மாவரம் போனார். கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. தேடிப்போன பெரியப்பா, அந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறதாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவுதான், இன்றுவரை. அதன்பிறகும் அக்கா அந்தப் பாட்டைப் பாடுவதையும் நிறுத்தவில்லை, என்னைக் கேட்பதையும் நிறுத்தவில்லை.

தறியில் நெய்து தீர்ந்த பழைய பாவின் நீள இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்ப்பது என் தொழில். வீடுவீடாகப் போய், தறிக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற தொழில். புது ஆட்களிடம் வாயைத் திறக்க வேண்டும் என்றாலே நான் வேறு தெரு வழியாகப் போய்விடுவேன்.

போனில் பாடினால் அதுவே பாட்டைக் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு வீட்டில் பேசிக்கொண்டார்கள். பாடுவதா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக முதல் வரியைச் சொன்னேன். அது விளக்கெண்ணெய் என்று எடுத்துக்கொண்டது. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய், முடி வளர விளக்கெண்ணெய், ஒரு லிட்டர் வாங்கினால் இன்னொன்று இலவசம். ஒரு வாரத்துக்கு எதைத் திறந்தாலும் எண்ணெய்தான் வந்தது.

பிறகு எப்படியோ ஒரு வீடியோ கிடைத்தது. மறந்துபோன பாடல்களுக்குப் பின்னால் உள்ள கதைகளைச் சொல்கிறவர் ஒருவர் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசியிருந்தார். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவரோ, கவிஞர் வீட்டில் ஒருநாள் மின்சாரம் போய்விட்டது, எண்ணெய் வாங்கப் போன வேலையாள் சினிமாவுக்குப் போய்விட்டான், அந்தக் கோபத்தில் பிறந்த பாட்டு இது என்றார். பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொன்னார். இன்னொரு வீடியோவில் வேறொருவர், இசையமைப்பாளர் தெருவில் எண்ணெய் வண்டியின் மணியைக் கேட்டு மெட்டுப் போட்டார் என்றார். கவிஞர் வீட்டு விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? படத்தில் அந்தப் பெண் எதற்காகப் பாடினாள், போனவன் வந்தானா? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆத்திரத்தில் வாழ்நாளில் முதல் முறையாகக் கீழே எழுதினேன்: "கதை அது இள்ளை. என்னிடம் பாட்டு புத்தகம் உள்ளது." உடனே பதில் வந்தது: "முதல்ல தமிழ் கத்துக்கிட்டு வாங்க அங்கிள்." அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிரிப்புகளுக்கு அடியில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இந்தப் படத்துக்கு எங்க அப்பாதான் துணி தைச்சார். ஓரிக்கையில இன்னும் மெஷின் போட்டிருக்கார்."

ஓரிக்கை! சைக்கிளில் போகிற தூரம். நாற்பது வருடமாக அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

சும்மா போய்க் கேட்க வெட்கமாக இருந்ததால் பொத்தான் அறுந்த சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பொத்தான் தைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். மறுநாள் இன்னொரு சட்டையின் பொத்தானை நானே அறுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாப்பா, பொத்தானத் துன்றியா?" என்று சிரித்தார் தையல்காரர். எண்பது வயது இருக்கும்.

அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் சொல்லி, "அவன் திரும்பி வர்றானாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? பாட்டு மட்டும் பாலாத்து மணல்ல ரெண்டு நாள் எடுத்தாங்க. அப்பறம் கம்பெனிய மூடிட்டாங்கோ."

"கதைன்னு ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்திருக்கும். தையக்காரங்கிட்ட கதை சொல்வாங்களா? அளவு சொல்வாங்க." ஊசியில் நூல் கோத்தார். "அந்த ஆளுக்கு ரெண்டு சட்டை தைச்சேன். ஒண்ணு புதுசு, எண்ணெய் வாங்கப் போற அன்னிக்கி போட்டுக்கினு போறது. இன்னொண்ணு அதே துணியில தைச்சு, சோடாவுல ஊற வெச்சு, வெளுக்க வெச்சு, தோள்ல கிழிச்சிக் குடுக்கச் சொன்னாங்க."

"அப்ப வர்றான்!"

"அவசரப்படாதப்பா. வர்றதுக்கும் இருக்கும், பொணமா கொண்டாந்து போடறதுக்கும் இருக்கும். அந்தச் சட்டைய யாரும் போட்டுப் பாக்கவே இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. வெள்ளித்திரையில் காணச் சொன்ன மீதி, யாரும் போடாத ஒரு சட்டை.

வழியில் சைக்கிளை நிறுத்தினேன். வந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். மின்சாரம், வேலையாள் என்று அந்த வீடியோக்காரர் அடித்துவிட்டது போல நானும் ஒன்றை அடித்துவிட்டால் அக்கா கேட்பதை நிறுத்திவிடுவாள். அப்படி நினைத்ததற்கே என்மேல் வெறுப்பு வந்தது. அவர் முகம் தெரியாதவர்களிடம் சொன்னார். நான் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அக்கா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தையல்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிணம் என்றதையும் விடவில்லை.

ராட்டையை நிறுத்தினாள். "நாப்பது வருசமா கேக்கறேன். சட்டையக் கொண்டாந்து காட்டறியா?"

"நான் இன்னாக்கா பண்றது? அவ்ளோதான் இருக்குது."

"பாருன்னு போட்டானே அந்தப் புத்தகத்துல? இன்னாத்தப் பாக்கச் சொன்னான்? ஒண்ணும் இல்லாததையா?"

அதுவரை கையில் பிடித்திருந்த சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன். அவள் இன்னும் ராட்டையைத் தொடவில்லை.

"அதே துணியா?" என்றாள்.

"அதே துணிதான்."

"கிழிஞ்சிருந்துதா?"

"தோள்ல. ஆனா அக்கா, அவர் இன்னொண்ணும் சொன்னாருன்னு…"

"கேட்டுது, கேட்டுது." இழையின் நுனியைத் தேடிப் பிடித்தாள். "பொணத்துக்கு எவன்டா சட்டை தைப்பான்? கோடித் துணிதான் போத்துவாங்க."

ராட்டை ஓடத் தொடங்கியது. இரண்டையும்தான் சொன்னேன். அவன் வந்துவிட்டான் என்ற ஒன்றைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். அந்தச் சட்டையோடே அவன் செத்திருக்கலாம் என்று சொல்ல, அவளுக்கு எதிரில் உட்கார்ந்து மூன்று முறை வாயைத் திறந்து, மூன்று முறையும் மூடிக்கொண்டேன்.