அக்காவின் காதுத் தொப்பி

அக்காவைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைத்துக்கொண்டு நிற்க என்னால் ஏலாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். கல்குடாவில் கடலைப் பார்த்தபடி நின்ற அம்மாவின் கல்வீடு மூத்தவளுக்குப் போனது. எனக்குக் கிடைத்தது அதற்குப் பின்னால் கிடந்த வெறும் வளவு நிலம். நானும் என் மனிசனும் அதில் ஒரு ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். கடல்காற்றுக்கூட அக்கா வீட்டில் பட்டு மிஞ்சினதுதான் எங்களுக்கு.

சுனாமி வந்த அந்த மார்கழியில் கடல் ரெண்டையும் கொண்டுபோனது. உயிர்கள் தப்பியது பெரிய காரியம். சித்தாண்டியில் பள்ளிக்கூடத்து முகாமில், யாரோ தந்த சட்டையோடு குந்தியிருந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது: இப்ப ரெண்டு பேரும் சரிக்குச் சரி. வெட்கங்கெட்ட எண்ணம்தான். ஆனால் வந்தது.

அப்போதும் சரியாகவில்லை. தண்ணீர் அடித்ததில் அக்காவின் இடது காதுச் சவ்வு கிழிந்து சீழ் வைத்துவிட்டது. காதுக்குள் தண்ணீரும் போகக்கூடாது, குளிர்காற்றும் படக்கூடாது, கவனமில்லாவிட்டால் காது கேட்கிறதே போய்விடும் என்று டொக்டர் சொன்னார். அவ்வளவுதான், முகாமே அக்காவின் காதைச் சுற்றித் திரிந்தது. அந்தப் பிள்ளைக்குக் காது எப்பிடி, சாப்பிட்டாவா என்று எல்லாம் அக்காவைப் பற்றித்தான்! எனக்கு முழங்காலில் இவ்வளவு நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் இருந்து ஒரு மூட்டை வந்தது. அவிழ்த்தால் எல்லாம் கம்பளித் தொப்பி. முகாமே விழுந்து விழுந்து சிரித்தது. வேர்வையில் குளிக்கிற ஊருக்குக் கம்பளித் தொப்பி அனுப்பின புண்ணியவான் யாரோ! நான் முந்தியடித்துக்கொண்டு போய் பச்சை நிறத்தில், உச்சியில் நூல்குஞ்சம் தொங்குகிற ஒன்றை இழுத்து எடுத்தேன். மூட்டையிலேயே வடிவானது அதுதான். எல்லோரும் எடுத்து முடிந்த பிறகு அக்கா ஆறுதலாக வந்தா. அடியில் கிடந்தது ஒரு சாம்பல் நிறத் தொப்பி. வெளியே தடித்த துணி, உள்ளே ஆட்டுக்குட்டி மயிர்போல மெத்தை, ரெண்டு பக்கமும் காதை மூடுகிற மடல், நாடிக்குக் கீழே கட்ட நாடா. அவவின் காதுக்கென்றே யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி.

“பாத்தீங்களா, கடவுள் ஆருக்கு என்ன குடுக்கவேணும் எண்டு தெரிஞ்சுதான் குடுக்கிறார்” என்றா பக்கத்துப் பாயில் இருந்த கிழவி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காது எனக்கும் ரெண்டு இருக்குத்தானே!

மறுகா வருசங்கள் ஓடின. எங்களுக்கு ஒரே மாதிரி ரெண்டு நிவாரண வீடு கிடைத்தது. என் குஞ்சத் தொப்பி குசினியில் ஆணியில் தொங்கியது, முட்டை போட்டு வைக்க. அக்கா தன்னுடையதை ஒவ்வொரு விடியலும் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவா. வாழைச்சேனையில் ஒரு மீன் வாடியில் ரெண்டு பேரும் மீன் வெட்டினோம். வாற வழியில் வாவிப் பாலத்தில் அடிக்கிற காற்று அவவின் காதுக்கு ஆகாது.

நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்ததும் ஊர் முழுக்க வான் பிடித்துச் சுற்றுலா போகத் தொடங்கியது. எங்கள் வாடிக்காரிகள் பதினொரு பேரும் நுவரெலியாவுக்குப் போய், ஹோட்டன் சமவெளியில் நடந்து ‘உலக முடிவு’ என்கிற மலை விளிம்பைப் பார்க்கிறதென்று முடிவானது. யோசனை அக்காவுடையது. “கடல் வரக்குள்ள இதுதான் உலக முடிவு எண்டு நினைச்சன். உண்மையான முடிவு எப்பிடி இருக்கெண்டு ஒருக்காப் பாத்திட்டு வருவம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. கிழமைக்கணக்காக அதே கதைதான். அவ்வளவு ஆசை.

வாடி நடத்துகிற ஓட்டமாவடி முதலாளிதான் எங்களைப் பயம் காட்டினார். “மகள், அங்க நம்மட ஐஸ் அறைக்குள்ள நிக்கிற மாதிரித்தான். தலையை மூடாம போனா விறைச்சுப் போவீங்க.”

ஐஸ் அறைதானே, அது எங்கள் கையில் இருக்கிற சாமான். அடுத்த நாள் வீட்டில் கிடந்த தலைமூடிகளை எல்லாம் கொண்டுவந்து பரீட்சை வைத்தோம். ஒருத்தி உள்ளே போவா, மற்றவர்கள் வெளியே நின்று ஒரு பாரை மீன் வெட்டி முடிப்போம், அதுதான் நேரம். வெளியே வந்ததும் காதைத் தொட்டுப் பார்ப்போம். துவாய்த் துண்டு கட்டினவள் பாதி மீனிலேயே கதவைத் தட்டினாள். மழைக்கோட்டுத் தொப்பி போட்டவளின் தலை வேர்த்து, வேர்வை குளிர்ந்து, போடாமல் இருந்ததை விட மோசமாய்ப் போனது. ஒருத்தி கண் மட்டும் தெரிகிற குரங்குத் தொப்பி போட்டாள். சூடு என்றால் நல்ல சூடு. ஆனால் அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததும், மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மனிசி கத்தியைப் போட்டுவிட்டு எழும்பி நின்றா. ஆமிக்காரரின் சுற்றிவளைப்புகளில் அப்படி முகத்தை மூடிக்கொண்டு இருந்து, ஆரைப் பிடிக்கிறதென்று தலையாட்டிக் காட்டினவர்களை நாங்கள் எல்லோரும் கண்டவர்கள். அந்த மனிசியின் மகன் ஒரு தலையாட்டலில் போனவன். போட்டவள் அதைக் கழற்றிப் பேக்குக்குள் வைத்தாள். பிறகு அதை நாங்கள் காணவில்லை.

என் பச்சைத் தொப்பி உச்சந்தலைக்கு நல்லம். காதுதான் பாதி வெளியே. அக்கா ரெண்டு பாரை வெட்டி முடியும்வரை உள்ளே நின்றா. வெளியே வந்ததும் தொட்டுப் பார்த்தோம், காது இளஞ்சூடாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். “அக்கா வெண்டிட்டா!” தொப்பிக்கும் அக்காதான், காதுக்கும் அக்காதான், கை தட்டுக்கும் அக்காதான். கையில் இருந்த மீனை நான் ஏன் அப்படிக் கொத்தினேன் என்று முதலாளி கேட்டார்.

வெளிக்கிடுகிறதுக்கு முதல் நாள் அக்கா அதைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தா. நான் அவ வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலை வாங்கவென்று போனவள். முற்றத்தில் ஒருத்தரும் இல்லை. கை போனது, எடுத்தது, சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் அக்கா வந்து, “தொப்பியைக் கண்டியா புள்ள?” என்றா.

“காகம் கொண்டு போயிருக்கும்” என்றேன். இவ்வளவு பெரிய தொப்பியைக் காகம் கொண்டு போகுமாம்! அக்கா ஓம் என்றா. துவாய் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வானில் ஏறினா.

நுவரெலியாவில் தங்கி, விடிந்து சூரியன் வந்த பிறகு சமவெளியில் நடக்கத் தொடங்கினோம். கொஞ்சத் தூரத்திலேயே எங்கள் பரீட்சை எவ்வளவு மொக்குத்தனம் என்று தெரிந்துவிட்டது. ஐஸ் அறைக்குள் காற்று இல்லை. காற்றின் குணத்தைப் பார்த்துப் பார்த்துத் தோணி இறக்குகிற சனம், பதினொரு பேரில் ஒருத்திக்காவது அது நினைவு வரவில்லையே! புல்வெளியில் மறிப்பாரில்லாமல் காற்று வந்தது. என் பச்சைத் தொப்பியின் பின்னல் ஒவ்வொன்றுக்குள்ளாலும் ஊசி மாதிரி இறங்கியது. அதற்குத் தடித்த துணியும் காது மடலும் வேணும். அக்காவின் தொப்பி என் தோள் பேக்குக்குள், பிஸ்கட் பெட்டிக்குக் கீழே கிடந்தது. எடுத்துப் போடவும் ஏலாது, எறியவும் ஏலாது.

முதல் ஓடைக்குப் பக்கத்தில் அக்கா நின்றுவிட்டா. துவாயின் மேலே கையை வைத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தா, கண்ணால் தண்ணீர் ஓடியது. “உள்ளுக்கு இழுக்குது. நீங்க போங்க, நான் கிறுகிப் போய் வானுக்க இரிக்கன்.”

‘ஐயோ அக்கா, இஞ்ச பார், என்ட பேக்குக்குள்ள கிடக்கு!’ இந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினொரு பேரில் ஒருத்தி சிரித்திருப்பாள், ஒருத்தி விளங்கிக்கொண்டிருப்பாள். அதுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். அக்கா தனியாகத் திரும்பி நடந்தா. நான் மற்றவர்களோடு முன்னால் போனேன்.

உலக முடிவில் மூடுபனிப் புகாரே இல்லை. நிலம் சட்டென்று அறுந்து, கீழே தேயிலைத் தோட்டமும் சின்னச் சின்னக் கூரையும், அதற்கும் அங்கால் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அது கடல் என்று ஒருத்தர் காட்டினார். அக்கா காணாத ஒன்றை நான் கண்டுவிட்டேன். பிறந்த நாளில் இருந்து முதல் தடவை. இப்ப சந்தோசம் வரும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கால் தண்ணீர் வடிந்ததுதான் மிச்சம்.

வானுக்கு முதலில் ஓடி வந்தது நான்தான். அக்கா பின் சீட்டில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்தா. பஞ்சில் இலேசாக இரத்தம்.

“சூடா இருந்திச்சா?” என்றா.

“என்னது?”

“தொப்பி. நீ கொடியில எடுக்கக்குள்ள நான் கிணத்தடியில நிண்டன். கேளாம எடுக்கிற அளவுக்கு ஆசையெண்டா போட்டுக்கொண்டு வரட்டும் எண்டு விட்டன்.” பிறகு என் தலையில் இருந்த பச்சைக் குஞ்சத்தைப் பார்த்தா. முகம் மாறியது. “போடவே இல்லையா நீ? அட பாவி! அப்ப ரெண்டு பேருமெல்லோ விறைச்சிருக்கம்!”

அவதான் பேச்சை மாற்றினா. “சரி, உலக முடிவு எப்பிடி?”

“கடல் தெரிஞ்சிச்சு.”

“அங்கயும் கடலா! அப்ப நான் வராம விட்டது நல்லதாப் போச்சு” என்று சிரித்தா. எனக்காகச் சிரித்த சிரிப்பு அது. அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அதிலும் அவதான் வென்றா.

அந்த இடது காது பிறகு கேட்கவில்லை. இப்போது எதைச் சொல்வதென்றாலும் வலப்பக்கம் போய்த்தான் சொல்லவேண்டும். தொப்பியை அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பழக்கத்தில் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் வாறா. காக்கிறதுக்கு உள்ளே ஒன்றும் இல்லை.

ஒரு நாள் வாடியில் நான் வேண்டுமென்றே அவவின் இடப்பக்கம் பலகையைப் போட்டுக் குந்தினேன். மீனை வெட்டிக்கொண்டே, “அக்கா, நான் செய்தது பிழை” என்று சொன்னேன். அவ திரும்பவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குக் கறி மீன் பிரிக்கும்போது, நடுத்துண்டு ரெண்டையும் எடுத்து என் சட்டிக்குள் போட்டுவிட்டு, மீன் தலையைத் தன்னுடைய சட்டிக்குள் போட்டா. எனக்கு மறுபடியும் பத்திக்கொண்டு வந்தது.