பிளேடால் சீவிய ஓரம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ல, எந்த ற என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். மன்னித்துப் படியுங்கள்.

தண்டையார்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்பிவிடுவேன். ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் வாங்கியது அது. முன்னால் இரண்டு லென்ஸ். ஒரு தடவை அழுத்தினால் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என இரண்டு படம் விழும். பிலிமைக் கழுவக் கொடுத்து வாங்கி, நானே வெட்டி, அட்டையில் ஜோடியாகப் பொருத்துவேன். அதற்கென்று உள்ள பெட்டியில் வைத்துப் பார்த்தால் ஆள் நேரில் நிற்பது போல இருக்கும்.

ஓரத்தில் இருப்பது மட்டும் ஒரு படத்தில் முழுதாகவும் மற்றதில் பாதியாகவும் விழும். அப்படியே விட்டால் கண் கூசும். அந்த ஓரத்தைப் பிளேடால் சீவிவிடுவேன்.

எண்ணூரில் அக்காவையும் மாமாவையும் எடுத்தேன். அக்கா கூச்சப்பட்டு இடது ஓரமாகத் தள்ளி நின்றாள். கிட்ட வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடது படத்தில் அவள் முகம் முழுதாக இருந்தது, வலதில் பாதி. இரண்டிலுமே அவளைச் சீவிவிட்டேன். பிலிம் துண்டுகள் குப்பையோடு போயின.

அந்த வருஷ மழைக்காலத்தில் மாமா நெஞ்சு வலியில் போய்விட்டார். காரியத்துக்கு வந்தவர்கள் படம் பார்க்கும் பெட்டியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மாமா இப்படியே எழுந்து வருவார் போலிருக்கிறது என்று அழுதார்கள். கடைசியாக அக்கா வாங்கினாள். சின்ன வயதில் அம்மை போட்டு அவளுக்கு வலது கண் போய்விட்டது. தெரிந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"எனுக்கு காலண்டர் படம் மாதிரி தட்டையாத்தான் கீது. அது போவட்டும். நானும் கூட நின்னுக்கினு இருந்தேனே, எங்கடா?"

வெளிச்சம் விழவில்லை என்றேன்.

"என் மூஞ்சிக்கு என்னிக்குடா வெளிச்சம் வுழுந்துது" என்று அழுகையிலும் சிரித்தாள்.

அவர்கள் சேர்ந்து நின்ற படம் வேறு கிடையாது. அவளுடைய ஒற்றைக் கண்ணுக்கு அந்த இடது படம் ஒன்றே போதும். இரண்டு கண் உள்ளவர்களுக்குக் கூசக் கூடாது என்று அதைக் கெடுத்தேன்.

அதிலிருந்து யார் கேமராவைத் தூக்கினாலும் அக்கா ஒதுங்கிவிடுகிறாள். தன் மகள் கல்யாணத்திலும் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். என் மூஞ்சி விழாது, நீங்க எடுங்க என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நாளைக்கு அவள் பேரனுக்குக் காது குத்து. போட்டோக்காரர் வருகிறார். அவர் வருவதற்குள் இதை நீங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது.

2008, ஆவணி மாதம், சனிக்கிழமை.