நிறுத்தச் சொன்ன கை

தெருவில் என் தம்பிக்குப் பட்டப்பெயர் 'சத்தம்'. அவன் வாயைத் திறந்து சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் அவன் கொட்டகையிலிருந்து கிளம்புகிற ஓலத்தில் அக்கம்பக்கத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் பிழைப்பு. ஜெட் இன்ஜின் ஓட்டுவது அவன் பைத்தியம்.

விமானம் கிடையாது, இன்ஜின் மட்டும்தான். காயலான் கடையில் கோழி அடைந்து கிடந்த ஒரு பயிற்சி விமானத்து இன்ஜினை எடைக்கு வாங்கி வந்து, தரையில் பதித்த இரும்புத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தான். பிளேடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். சொரசொரப்பு கைக்குத் தெரியாதாம், கன்னத்துக்குத் தெரியுமாம். "கட்டிக்கிட்டவளைக்கூட எவனும் இப்படித் தடவ மாட்டான்டா" என்பேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

நான் தம்பி வீட்டுக்கு வந்தது வலது காது கேட்காமல். என்னைக் கட்டியவன் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்துவிட்டது. அதற்கு முந்தி விலா எலும்பு, அதற்கும் முந்தி முன்பல். அவன் பஸ் டிரைவர். வெளியே தங்கமான மனுஷன் என்று பேர். அவன் வீட்டில் நான் அவன் கையைப் பார்த்துத்தான் வாழ்ந்தேன். தட்டை எப்படித் தள்ளுகிறான், பெல்ட்டில் விரல் போகிறதா, எல்லாம் எனக்குப் பாடம். இனி அங்கே போனால் என்னைப் பிணமாகத்தான் வெளியே கொண்டுவருவார்கள். பையோடு வாசலில் நின்றபோது தம்பி ஒன்றுதான் கேட்டான்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"இடது."

அன்றிலிருந்து என்னோடு நடந்தால் இடது பக்கமாகவே நடப்பான்.

எனக்கு ஒரு வேலையும் கொடுத்தான். இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் போகும் டிரம்மும் குழாயும், நெருப்பு எட்டாதபடி, சுவரோரம் இருந்தன. அந்தக் குழாயைத் திறப்பதும் மூடுவதும் நான். மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பது அவன். ஓடும்போது நல்ல காதுக்கே எதுவும் கேட்காது, அதனால் எல்லாம் சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் திற. முஷ்டி என்றால் அப்படியே இரு. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் மூடு, எல்லாவற்றையும் நிறுத்து.

"கழுத்தறுக்கிற மாதிரி இருக்கேடா, நல்லதா வேற ஒண்ணு கிடைக்கலையா?"

"உலகம் பூரா இதுதான்க்கா."

இன்ஜினின் வாய்க்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். ஓடும்போது அதைத் தாண்டக் கூடாது. காற்றோடு ஆளையும் சேர்த்து இழுக்கும். மூடிய பிறகும் தாண்டக் கூடாது. எண்ணெயை அடைத்தால் நெருப்பு அணையும், ஓலம் இறங்கும். உள்ளே விசிறி மட்டும் வெகுநேரம் வெறிபிடித்துச் சுற்றும்.

அந்த ஞாயிறு இன்ஜின் நன்றாகப் பிடித்திருந்தது. நான் மீட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டியவன் என் செவிட்டுப் பக்கமாக வந்தான். முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்த வேகத்தில் காதுமூடி பறந்தது, என் தலை தரையில் மோதியது. முதுகில் மிதித்தான். ஒரு கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி. வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, எந்த வசவு என்று எனக்குத் தெரியாதா? தரையோடு இழுத்துக்கொண்டு போனான். சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் என் சட்டை முனை இன்ஜின் பக்கம் எழுந்து படபடத்தது.

தம்பி பார்த்துவிட்டான். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தான்.

எனக்குச் சொன்னதைக் கட்டியவன் தனக்கென்று எடுத்துக்கொண்டான். என்னை விட்டுவிட்டுத் தம்பி மேல் பாய்ந்தான். முதல் அடி தோளில். இரண்டாவது அடியைத் தடுக்கத் தம்பி கையைத் தூக்கினான். முழங்கை இல்லாத இடத்தில் அந்தக் கை மடங்கியதைப் பார்த்தேன். மூன்றாவது அடியில் நெற்றி பிளந்து முட்டி போட்டு விழுந்தான். கண்ணை மறைத்த ரத்தத்தோடு, உடையாத கையால், மறுபடியும் என்னைப் பார்த்துக் கழுத்தில் இழுத்தான். நான் தவழ்ந்து போய்க் குழாயை மூடினேன்.

ஓலம் இறங்க இறங்க அவன் குரல் மேலே வந்தது.

"என்னையே கொல்லுவேன்னு காட்டுறியா? இந்தப் பொம்மையை வச்சுத்தானேடா ஆடுறே!"

கம்பியை ஓங்கிக்கொண்டு இன்ஜினின் வாய்க்குப் போனான். தம்பி கத்தினான். வாழ்நாளில் அவன் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வேணாம் மாமா, இன்னும் சுத்துது!"

அவன் இன்ஜின் வாயில் கட்டியிருந்த வலையைக் கிழித்துக் கம்பியை உள்ளே குத்தினான். கம்பியை விசிறி பிடுங்கிக்கொண்டது, கையையும் விடவில்லை. உடைந்த பிளேடுகள் கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போயின. சத்தமெல்லாம் அடங்கியபோது அவன் சிவப்புக் கோட்டின் மேல் உட்கார்ந்து தன் வலது கையைத் தேடிக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தம்பிதான் பெல்ட்டை உருவி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, அவன் கையை இறுக்கிக் கட்டினான். நான் கிட்டே போகவில்லை. அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, "கழுத்தறுப்பேன்னு ரெண்டு தடவை காட்டினான், உயிருக்குப் பயந்துதான் அடிச்சேன்" என்று எழுதிக் கொடுத்தான். கழுத்தில் கையை இழுத்ததை நானும் பார்த்தேன் என்று மாடி வீட்டு டெய்லரும் சாட்சி சொன்னார். மாவுக்கட்டோடு தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டரைக் கையோடு கொட்டகைக்குக் கூட்டி வந்து குழாயைக் காட்டினேன்.

"மூடியிருக்கா, பாருங்க. அவன் கையைப் பாத்துத்தான் மூடினேன். கொல்லணும்னு காட்டியிருந்தா, திறந்துல்ல விட்டிருப்பேன்?"

அவர் குழாயைப் பார்த்தார், சிவப்புக் கோட்டைப் பார்த்தார், கூரை ஓட்டைகளைப் பார்த்தார். சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். கை ஒடிந்தபோது அழாதவன், இன்ஜினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விசும்பி விசும்பி அழுதான். மறுநாளே ஒற்றைக் கையால் போல்ட் கழற்ற உட்கார்ந்துவிட்டான்.

அந்த வருஷக் கடைசியில் கட்டியவன் மறுபடி வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். வலது சட்டைக் கையை மடித்துக் குத்தியிருந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு. கிளம்பு. ஒத்தைக் கையோட நான் எப்படிடீ பொழைக்கிறது?"

சொல்லிக்கொண்டே இடது கையைத் தாழ்ப்பாளில் வைத்தான். பழக்கதோஷத்தில் அந்தக் கையைப் பார்த்தேன். அவன் கண்ணை நேராகப் பார்த்து, என் கழுத்துக்குக் குறுக்கே கையை மெதுவாக இழுத்தேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தாழ்ப்பாளை விட்டான், திரும்பினான், தெருமுனை வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

கையைத் துடைத்துக்கொண்டே தம்பி கொட்டகையிலிருந்து வந்து, என் இடது பக்கம் நின்றான்.

"அவர்கிட்ட என்னக்கா சொன்ன?"

"நிறுத்துன்னு சொன்னேன்டா. உலகம் பூரா இதுதானே?"